வெந்நீர் வந்த வழி

இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்க்கிறவர் அவர். தெருக்களையே நாய் துரத்தும் தெரு, துரத்தாத தெரு என்றுதான் மனசுக்குள் பிரித்து வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளின் மீட்டரை எட்டிப் பார்த்த அந்த மனிதர், ஒரே ஒரு வீட்டு மீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. அது அவருடைய சொந்த வீடு. ஊழியர் வீட்டு மீட்டரை வேறொரு ஊழியர்தான் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் அந்தப் பெட்டியின் கதவைக்கூடத் தொடக் கூடாது என்று மின்சார அலுவலகத்தில் விதி. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தரம்கூட மீறாத விதி அது ஒன்றுதான். சும்மா இருக்கச் சொல்லும் விதியை யார்தான் மீறுவார்கள்?

அன்று காலை அவர் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே பக்கத்து மேசைக்காரர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துத் தண்ணீர் கேன் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். நம்மவர் வீட்டு மீட்டரை மாதாமாதம் பார்த்து எழுதுகிறவர் இவர்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு செக்கிங் வர்றாங்க."

"என் வீட்டுக்கா? எதுக்குய்யா?"

"யூனிட் விழுந்துருக்கு அண்ணே. முன்னூத்திப் பத்து ஓடிட்டிருந்த வீடு. நாலே மாசத்துல எழுபத்தெட்டுக்கு வந்துருச்சு. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுது. நான் என்ன பண்ண, இருந்ததை எழுதினேன்."

"வர்றது யாரு?"

"பூதக்கண்ணாடி."

பூதக்கண்ணாடி என்பது அலுவலகம் அந்த மேடத்துக்கு வைத்திருந்த பெயர். கரண்ட் திருட்டைக் கண்டுபிடிக்கிற பிரிவின் அதிகாரி. அதட்ட மாட்டார், கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதையும் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். அவர் அப்படிக் குனிந்து பார்த்த பிறகு வேலையில் நீடித்த ஊழியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"இன்னொண்ணு அண்ணே, நான் போன மாசம் ரிமார்க்ஸ்ல..." என்று பக்கத்து மேசைக்காரர் ஆரம்பித்தார். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. நம்மவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டிருந்தார்.

எழுபத்தெட்டு. வண்டியை ஓட்டிக்கொண்டே அந்த எண்ணை அவர் வாய்க்குள் போட்டு உருட்டினார். ஃப்ரிட்ஜ் ஒன்றே நாற்பது குடிக்கும். வெந்நீர் ஹீட்டர், மின்சார அடுப்பு, துணி துவைக்கிற மிஷின், அயர்ன் பாக்ஸ், மூன்று மின்விசிறி. அவரும் மனைவியும் பள்ளிக்கூடம் போகிற மகளுமாக மூன்று பேர் குளித்துச் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் எழுபத்தெட்டா? அது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களின் எண். அல்லது கம்பியைத் திருப்பிப் போட்டவர்களின் எண். அவருக்குத் தெரிந்து மூன்றாவது வகை கிடையாது.

அப்போதுதான் மச்சான் ஞாபகம் வந்தது.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் பில்லைப் பார்த்துவிட்டு அவர் வீட்டில் சாமியாடினார். "ஊர் மீட்டரெல்லாம் நடக்குது, என் வீட்டு மீட்டர் மட்டும் பேய் புடிச்ச மாதிரி ஓடுது. உனக்கு ஸ்விட்சைப் போடத்தான் தெரியும்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "சரி, இனிமே நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுவாரமே அவளுடைய தம்பி ஏணியும் கருவிப்பெட்டியுமாக வந்து இறங்கினான். எலக்ட்ரீஷியன். வேலை தெரிந்தவன், வாய் கொஞ்சம் நீளம். "அத்தான், ஒரே ஒரு கம்பியை மாத்திவிட்டா உங்க மீட்டர் குறட்டை விட்டுத் தூங்கும், செஞ்சுடவா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். இவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் இவர் வீடு திரும்பியபோது ஏணி மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. வாசற்கதவை ஒட்டி ஒரு புது ஸ்விட்ச் இருந்தது. அதை அழுத்தினால் ஃப்ரிட்ஜைத் தவிர வீடு மொத்தமும் அணைந்துவிடும்.

அதிலிருந்து அவர் மனைவி எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று "அணைச்சாச்சா?" என்று கேட்காமல் செருப்பு மாட்ட மாட்டாள். தெருவில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. 'அணைச்சாச்சா வர்றாங்க' என்று பிள்ளைகள் சிரிக்கும். இவருக்கு அது மானக்கேடாக இருந்தது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது, டிவியின் சிவப்புப் பொட்டுக்கூட எரியக் கூடாது என்று அவள் சட்டம் போட்டபோது முணுமுணுத்தார். அதற்குமேல் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்குப் போகிறவர், பொழுது சாய்ந்து வருகிறவர். குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. தட்டில் சூடாகச் சாப்பாடு வந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று எந்த மகராசன் கேட்டிருக்கிறான், இவர் கேட்பதற்கு?

பதினோரு மணிக்கு வீட்டைத் திறந்து வாசல் ஸ்விட்சையும் மின்விசிறியையும் போட்டார். மகள் பள்ளிக்கூடத்தில். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறாள், இரண்டு மணிக்குத்தான் வருவாள். மச்சானுக்கு போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அக்காளும் தம்பியும் எல்லாவற்றையும்தான் அணைத்து வைப்பார்கள் போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

திருட்டுக் கம்பி எங்கேயாவது இருக்க வேண்டும். சமையலறையில் தேட ஆரம்பித்தார். அடுப்பு ஜில்லென்று கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய மரப்பெட்டி. பழைய துணி போட்டு வைத்திருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே பழைய போர்வைகள் திணித்து, நடுவில் ஒரு பாத்திரம். அதன் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. பருப்பு கொதித்த சூட்டோடு இருந்தது. மனைவி வீட்டை விட்டுப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, பாத்திரம் சுடுகிறது!

பெட்டியைச் சுவரை விட்டு இழுத்தார். பின்பக்கம் தடவினார், அடிப்பக்கம் தடவினார். கம்பி கிடைக்கவில்லை. கிடைக்காதது அவரை இன்னும் பயமுறுத்தியது. மச்சான் அவ்வளவு கெட்டிக்காரனா?

குளியலறைக்கு ஓடினார். ஹீட்டரின் பிளக் கழற்றித் தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி சாவகாசமாக வலை கட்டியிருந்தது. அப்படியென்றால் தினமும் குளிக்கிற வெந்நீர்? வாசலுக்கு வந்து மெயினையே இறக்கினார். மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. வீட்டில் பொட்டுக் கரண்ட் இல்லை. மறுபடி போய்க் குழாயைத் திறந்தார்.

வெந்நீர் கொட்டியது.

சரி, குழாயில் தங்கியிருந்த தண்ணீராக இருக்கும், இதோ ஆறிவிடும் என்று கையை நீட்டியபடி நின்றார். ஆறவில்லை. வாளி நிரம்பி வழிந்து, தரையெல்லாம் ஓடி, சாக்கடைக்குள் ஆவி பறக்கப் போய்க்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை. மெயின் இறக்கிய வீட்டில் தண்ணீர் சுடுகிறது என்றால் மீட்டருக்குள் நுழையாமல் வேறு வழியாகக் கரண்ட் வருகிறது. இது போதும், மேடம் வேறு எதையும் பார்க்க வேண்டாம். குழாயை மூடினார்.

வீட்டுக்கு மேலே மொட்டை மாடி இருக்கிறது, அங்கே சூரியன் என்று ஒன்று காய்கிறது என்பதெல்லாம் அவர் புத்திக்கு எட்டவில்லை. கரண்ட்காரனுக்குச் சூடு என்றால் அது கரண்ட்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அப்படி.

மெயினைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி. பெட்டியின் கொக்கியில் மெல்லிய கம்பியைக் கோத்து, இரண்டு முனைகளையும் ஒரு ஈயக் குண்டுக்குள் விட்டு இடுக்கியால் நசுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் சீல். கம்பியை அறுக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. குனிந்து பார்த்தார்.

கம்பி அறுந்து தொங்கியது.

"பாவி, கெடுத்தியேடா" என்று வாய்விட்டே சொன்னார். இணைப்பு அவர் மனைவி பெயரில் இருந்தது. வழக்கு என்று வந்தால் அவள் பெயரில்தான் வரும். இவருக்கு வேலை போகும். மகளோடு படிக்கிற பிள்ளைகள் என்ன சொல்லும் என்று ஒரு நினைப்பு ஓடியது. மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தார். இதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உண்மை. ஆனால் அவள் செய்திருப்பாளா என்று ஒரு நிமிஷம்கூட அவர் யோசிக்கவில்லை. அதுவும் உண்மை.

புது மீட்டர் பொருத்தவும் அவரை அனுப்புவார்கள் என்பதால் பையில் சீலும் இடுக்கியும் எப்போதும் கிடக்கும். கை தானாகப் போய் எடுத்தது. பழைய சீலைப் பிய்த்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். புதுக் கம்பியைக் கோத்து, ஈயத்தைச் செருகி, இடுக்கியால் ஒரு நசுக்கு. நசுக்கும்போது ஈயத்தில் அவருடைய எண் பதியும், நாற்பத்தொன்று. பதியட்டும். நம்பரை யார் பார்க்கிறார்கள்? இத்தனை வருஷத்தில் அவர் எந்த சீலிலும் நம்பரைப் பார்த்ததில்லை. இழுத்துப் பார்ப்பார், கையோடு வரவில்லை என்றால் சரி என்று எழுதிவிடுவார்.

வரப்போவது பூதக்கண்ணாடி என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனார்.

இரண்டு மணிக்கு வந்த மனைவி, வேலை நாளில் புருஷன் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"மூணு மணிக்கு செக்கிங் வர்றாங்க. யூனிட் ஏன் கொறைஞ்சுதுன்னு பார்க்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வரட்டுமே! நல்லா வந்து பார்க்கட்டும். வெளியாள் யாராச்சும் சொன்னாத்தான் உங்களுக்கும் உறைக்கும்."

அவர் அந்த மலர்ச்சியையே பார்த்தார். இத்தனை பெரிய காரியத்தைச் செய்துவிட்டு எப்படி இவளால் சிரிக்க முடிகிறது?

"இங்க பாரு, என்கிட்ட மறைக்காதே. கம்பி எங்க ஓடுது?"

"எந்தக் கம்பி?"

"உன் தம்பி போட்ட கம்பி!"

"அவன் ஸ்விட்சுதானே போட்டான்? என்ன கம்பி, என்ன பேசறீங்க?" அவள் நெற்றி சுருங்கியது. வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேடம் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

கையில் ஒரு ஃபைல், பின்னால் கருவிப்பெட்டியோடு ஒரு லைன்மேன். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பதறாதீங்க. மொதல்ல வீட்டைப் பார்த்துடலாம், அப்புறம் மீட்டர்" என்றார். பேசியதெல்லாம் மீட்டர்காரரின் மனைவிதான்.

எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ! மரப்பெட்டியைத் திறந்து காட்டினாள். "கொதி வந்ததும் இறக்கி இதுக்குள்ள வெச்சு மூடிடுவேன் மேடம். போர்வை சூட்டுலயே வெந்துரும். அடுப்பு கால் மணிதான் எரியும்." ஃப்ரிட்ஜை அடுப்புச் சுவரை விட்டுத் தள்ளி வைத்ததைக் காட்டினாள். கட்டில் மெத்தையைத் தூக்கினாள். கீழே அரை ஈரத்தில் நீவி மடித்த சட்டைகள் வரிசையாக இருந்தன. "இவர் மேல படுத்துத் தூங்கறாரு, அயர்ன் ஆயிடுது" என்றாள். லைன்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தன் சட்டையைத் தானே இத்தனை நாளாக அயர்ன் செய்துகொண்டிருந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

குளியலறையில் மேடம் சிலந்தி வலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"அப்ப வெந்நீருக்கு என்ன பண்றீங்க?"

"மாடிக்கு வாங்க மேடம்."

இருபத்தொரு படி. மீட்டர்காரர் எல்லாருக்கும் கடைசியாக ஏறினார். மாடியில் கால் வைத்து எத்தனை மாசம் ஆகிறது என்று அவருக்கே தெரியவில்லை. தரை முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது, கண் கூசியது. ஓரத்தில் கறுப்புச் சாயம் அடித்த ஒரு தகர டிரம். அதைச் சுற்றிப் பலகை அடைத்து, மேலே ஒரு பழைய ஜன்னலின் கண்ணாடி. டிரம்மின் அடியிலிருந்து ஒரு குழாய் துணி சுற்றிக்கொண்டு சுவர் வழியாகக் கீழே குளியலறைக்கு இறங்கியது.

"கண்ணாடி குப்பையில கெடைச்சது. டிரம் பெயிண்ட் கடைக்காரர் சும்மா குடுத்தாரு. குழாய் மட்டும் தம்பி வாங்கிப் போட்டான். காலைல நெறைச்சா மத்தியானத்துக்குள்ள கை வைக்க முடியாது." சொல்லிக்கொண்டே டிரம்மின் மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். "என்ன இது, அடியில கொஞ்சந்தான் கெடக்கு? காலைல வாய் வரைக்கும் நெறைச்சேனே!"

மேடம் விரலை விட்டுப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "சுடுதே!"

மீட்டர்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கம்பி இல்லை. எங்கேயும், எப்போதும், ஒரு கம்பியும் இல்லை. கால்சட்டைப் பைக்குள் பழைய சீல் தொடையில் உறுத்தியது.

கீழே இறங்கினார்கள். மேடம் படிக்குக் கீழே நின்று ஃபைலைப் பிரித்தார். ஒரு புது சீலை எடுத்து லைன்மேனிடம் கொடுத்தார்.

"சீல் கம்பி துருப்பிடிச்சு அறுந்துருக்கு, மாத்தணும்னு போன மாசமே ரீடிங் எடுத்தவர் எழுதியிருக்கார். நாமதான் லேட். அதை எடுத்துட்டு..." பேச்சு நின்றது. மேடத்தின் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. குனிந்தார். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். நிமிர வெகு நேரம் ஆனது போலிருந்தது.

"நாப்பத்தொண்ணு. இது உங்க நம்பர்தானே?"

அவர் தலையை அசைத்தார்.

மேடம் வேறு எதுவும் கேட்காமல் சீலைக் கத்தரித்து எடுத்து ஒரு கவருக்குள் போட்டார். லைன்மேன் மீட்டர் பெட்டியைத் திறந்து, ஆயிரம் வாட் பல்பு ஒன்றை இணைத்து எரியவிட்டான். மீட்டரில் சிவப்புப் பொட்டு சிமிட்டச் சிமிட்ட மேடம் கடிகாரத்தை வைத்து எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார்.

"மீட்டர் சரியா ஓடுது, ஒரு குறையும் இல்ல. ஆனா இது இப்ப. காலைலயும் இப்படித்தான் ஓடிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? புது சீல் வெச்சவங்க, வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள எதையும் சரி பண்ணலைன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

"என்ன மேடம்? என்ன சீல்?" என்று மனைவி கேட்டாள்.

மேடம் மீட்டர்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உங்க மச்சான் எலக்ட்ரீஷியன்னு கேள்விப்பட்டேன். உங்க பையில இருந்து இடுக்கியை எடுத்து அவர் பண்ணியிருந்தா, அது வேற விஷயம். உங்களுக்கு மெமோவோட போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. ஒரு 'ஆமாம்' போதும். வேலை தப்பிக்கும், சம்பளம் தப்பிக்கும். மச்சான் வாயாடி, அவன் செய்தான் என்றால் அலுவலகமே நம்பும். காலையிலிருந்து இவரே நம்பிக்கொண்டுதானே இருந்தார்! உதட்டு நுனி வரை அந்த 'ஆமாம்' வந்துவிட்டது. நிமிர்ந்தார். எதிரே மனைவி நின்றாள். அவள் கையில் டிரம் மூடியின் கறுப்பு ஒட்டியிருந்தது. அவள் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இல்ல மேடம். நான்தான்."

"எதுக்கு?"

"இவ திருடியிருப்பான்னு நெனைச்சேன்."

லைன்மேன் அவசரமாகக் கருவிகளை எண்ண ஆரம்பித்தான்.

வாக்குமூலம் சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்டது. வெயில் வெளிச்சம் போதுமாக இருந்ததால் விளக்குப் போடவில்லை. அவர் சொல்லச் சொல்ல மேடம் எழுதினார். மெயினை இறக்கியும் வெந்நீர் வந்ததால் என் மனைவியும் அவள் தம்பியும் மின்சாரம் திருடுவதாக நான் நம்பினேன். மனைவியிடம் விசாரிக்காமல் சீலை மாற்றினேன். இணைப்பு மனைவி பெயரில் இருந்ததால், படித்துப் பார்த்து அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, வேகமாகப் படிப்பாள். அன்றைக்கு ஒவ்வொரு வரியிலும் நின்றாள். அவருக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. படித்து முடித்தவள் பேனாவைக் கேட்டாள்.

"ஒரு வரி சேர்க்கலாமா மேடம்?"

"எழுதுங்க."

அடியில் எழுதினாள்: 'மாதம் எழுபத்தெட்டு யூனிட் ஓடியது நான் பார்த்துப் பார்த்துச் செலவழித்ததால். என் தம்பி திருடன் இல்லை. நானும் இல்லை.' அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை நகர்த்தினாள்.

"கரண்ட் திருட்டு இல்லைன்னு நான் எழுதிடறேன்" என்றார் மேடம் அவரிடம். "வீட்டைக் கண்ணால பார்த்துட்டேன், இப்படி ஒரு வீட்டை ஒரு காலைல ஜோடிக்க முடியாது. ஆனா சீலைத் தொட்டது தொட்டதுதான். சஸ்பெண்ட் ஆர்டர் வரும். பாதிச் சம்பளம். விசாரணை முடியறவரைக்கும் நீங்க ஆஃபீஸ் பக்கம் வர வேண்டாம்." வாசலில் செருப்பை மாட்டும்போது மனைவியிடம் திரும்பி, "அந்தப் பெட்டிக்கு எத்தனை போர்வை பிடிச்சுது?" என்று கேட்டார். "மூணு மேடம்" என்றாள் அவள்.

ஜீப் போன பிறகு அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் சமையலறைக்குப் போய், சுவரை விட்டு விலகிக் கிடந்த பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்குச் சோறு போட்டாள். இவருக்கும் போட்டாள். எல்லாம் சூடாகவே இருந்தது. சாயங்காலம் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை.

துண்டோடு வெளியே வந்து நின்றார். அவள் மெத்தைக்கு அடியிலிருந்து சட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசேன். என்னை நாலு வார்த்தை திட்டிடு."

அவள் திரும்பாமலே சொன்னாள். "கம்பி எங்கேன்னு கேட்டீங்க. தண்ணி எப்படிச் சுடுதுன்னு நாலு மாசத்துல ஒரு நாள் கேக்கலியே. கேப்பீங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னுதான் இருந்தேன்." சட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு மகள் படிக்கிற அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவருக்குப் போவதற்கு இடமில்லை. பழக்கத்தில் விழித்து, பழக்கத்தில் செருப்பை மாட்டி, வாசல் வரை வந்து நின்றார். முற்றத்துக் குழாயடியில் அவள் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மாடித் தொட்டி கிடையாது. தண்ணீரை மேலே ஏற்றுவதென்றால் மோட்டார் போட வேண்டும். அவள் மோட்டார் போடுவதில்லை. வாளியை இடுப்பில் தாங்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தான் தெருமுனையைத் தாண்டிய பிறகு, தினமும், இந்தப் படியில், இவள்.

"எத்தனை வாளி?" என்று கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி.

அவள் நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். மன்னித்த பார்வை என்று சொல்ல முடியாது.

"ஒம்பது."

அவர் செருப்பைக் கழற்றினார். அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்தாள். குழாயடிக்குத் திரும்பிப் போய் அடுத்த வாளியை வைத்தாள். மீட்டர் பெட்டியைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும். அதில் மேடம் வைத்த புது சீல் தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல் ஏறினார்.

மூன்றாவது வாளியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னும் ஆறு இருந்தது.